குத்துமதிப்பும் கொடுத்த வாக்கும்

இலக்கியம் பேசுவதற்காக மாதம் ஒருமுறை கூடும் எங்கள் நண்பர்களில் பாதிப்பேர் மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள். ஒரு கவிதையில் 'ஆறு' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'நதி' வந்துவிட்டால் மாலை முழுவதும் சண்டையிடக்கூடியவர்கள். அதே நண்பர்கள் காலை முதல் இரவு வரை ரிசோர்ஸ், டாஸ்க், எஸ்டிமேட், டெட்லைன், மைல்ஸ்டோன், ஸ்டோரி, ஸ்பிரின்ட் ஆகிய சொற்களுக்குள்ளேயே வாழ்கிறார்கள். அவற்றுள் ஒன்றன் மீதும் ஒருநாளும் ஐயம் கொண்டதில்லை. சொல்லின் மேல் நமக்குள்ள அக்கறை, அலுவலக வாசலில் அடையாள அட்டையைக் காட்டும்போதே கழன்று விழுந்துவிடுகிறது போலும்.

அந்த அலட்சியத்தோடு ஒரு வழக்கு உண்டு எங்களுக்கு. திட்ட மேலாண்மை மென்பொருட்களின் கலைச்சொற்கள் இலக்கிய வாசகர் பொருட்படுத்தத் தகாதவை என்ற எண்ணத்தையும், அவை யார் பக்கமும் சாயாத வெறும் தொழிற்சொற்கள் என்று மேலாளர்கள் சொல்வதையும் ஒருசேர மறுக்கிறோம். எங்கள் குற்றச்சாட்டு ஒன்றுதான். இத்துறையின் மூலக் கருத்துகளுள் சிறந்தவை, 'இது எங்களுக்குச் சரியாகத் தெரியாது' என்னும் ஒப்புதலோடு பிறந்தவை. மென்பொருளின் கட்டங்களுக்குள் அவற்றை அடைத்தபோது அந்த ஒப்புதல் உதிர்ந்துபோயிற்று. அதற்கான விலையை வரிசையில் ஆகக் கீழே நிற்பவர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறோம். எங்களில் ஒருவர் முன்பு பணிபுரிந்த நிறுவனத்தில் அவருடைய சக பணியாளரான ஒரு பெண்ணிடம் மேலாளர் கேட்டார்: "இதை முடிக்க எத்தனை நாள் ஆகும்னு நினைக்கிறீங்க?" அவர் சொன்ன பதில்: "குத்துமதிப்பா நாலஞ்சு நாள் ஆகலாம். ஆனா பழைய கோடைத் திறந்து பார்த்தாத்தான் எதுவும் சொல்ல முடியும்." நேர்மையான பதில். வீடு பழுதுபார்க்க வரும் மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பூச்சை உடைச்சுப் பார்த்தாத்தான் தெரியும்" என்று சொல்வாரே, அதற்கு நிகரானது. மேலாளர் மென்பொருளில் அந்தப் பணிக்கு எதிரே இருந்த கட்டத்தில் 4 என்று இட்டார். 'குத்துமதிப்பா' என்பதற்குக் கட்டம் இல்லை. 'அஞ்சு' என்பதற்கும் இல்லை. 'திறந்து பார்த்தாத்தான்' என்பதற்குச் சத்தியமாக இல்லை. அந்த 4 ஒரு பட்டையாக நீண்டு, அடுத்த பணியின் பட்டையைத் தொட்டு, வாடிக்கையாளருக்கு அனுப்பிய தேதியாக மாறியது. பழைய நிரலுக்குள் யாரும் எதிர்பாராத முடிச்சுகள் இருந்தன. வேலை ஏழாம் நாள் முடிந்தது. ஆண்டிறுதி மதிப்பீட்டில் எழுதப்பட்டிருந்த வாசகத்தின் சாரம் இது: ஒப்புக்கொண்ட காலத்துக்குள் பணியை முடிக்கத் தவறினார்.

அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. இதுதான் விஷயம். ஒரு குத்துமதிப்பு, யாரும் பொய் சொல்லாமலேயே, கொடுத்த வாக்காக உருமாறிவிட்டது. மேலாளரும் கெட்டவரல்லர். கட்டம் ஒரு எண்ணைத்தான் கேட்டது, அவர் கொடுத்தார்.

*

இந்தக் கட்டம் எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

1950களின் இறுதியில், ஏறத்தாழ ஒரே சமயத்தில், இரண்டு கருத்துகள் அமெரிக்காவில் தோன்றின. ஒன்று 1957இல் டூபான்ட் வேதிப்பொருள் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் யூனிவாக் கணினியைக் கொண்டு உருவாக்கிய 'கிரிட்டிகல் பாத்' முறை. இதன் சாரத்தைப் பள்ளிப்பிள்ளைக்கும் சொல்லிவிடலாம். வீடு கட்டுகிறோம். கடைக்கால் போடாமல் சுவர் எழாது, சுவர் எழாமல் தளம் இல்லை, தளம் இறுகாமல் பூச்சு இல்லை. இப்படி ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் பணிகளின் சங்கிலிகளுள் மிக நீளமானது எதுவோ அதுதான் மொத்த வேலைக்கும் காலத்தை நிர்ணயிக்கிறது. அதில் ஒருநாள் தாமதமானால் வீடே ஒருநாள் தாமதமாகும். தச்சுப்பட்டறையில் சன்னல் செய்பவருக்கோ நாலைந்து நாள் முன்பின்னாக இருக்க இடமுண்டு. அந்த இடத்துக்கு 'ஃப்ளோட்' என்று பெயர். எங்கே பதற வேண்டும், எங்கே பதற வேண்டியதில்லை என்று பிரித்துக்காட்டிய அழகான கருத்து இது.

மற்றது 1958இல் அமெரிக்கக் கடற்படையின் சிறப்புத் திட்ட அலுவலகம் போலாரிஸ் ஏவுகணைக்காக உருவாக்கிய பெர்ட் முறை. பூஸ் ஆலன் ஹாமில்டன் ஆலோசனை நிறுவனத்துக்கும் லாக்ஹீடுக்கும் அதில் பங்குண்டு. இதுவரை எவரும் செய்திராத ஒன்றைச் செய்யப்போகிறோம். அதற்கு எத்தனை வாரமாகும் என்று கேட்டால் எந்தப் பொறியாளரால் ஒரே எண்ணைச் சொல்ல முடியும்? ஆகவே பெர்ட் மூன்று எண்களைக் கேட்டது. எல்லாம் கூடிவந்தால் எவ்வளவு, பெரும்பாலும் எவ்வளவு, எல்லாம் கைவிட்டுப்போனால் எவ்வளவு. நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் எதிர்பார்ப்புக் காலம் வரும். பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்து ஆறால் வகுத்தால், அந்த எதிர்பார்ப்பு எவ்வளவு தூரம் முன்பின்னாகச் சிதறக்கூடும் என்பதன் அளவு வரும்.

அந்தப் பெண்ணிடம் இப்படிக் கேட்டிருந்தால்? மூன்று, நான்கு, பதினொன்று என்று சொல்லியிருப்பார் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு ஐந்து நாள் என்கிறது. சிதறலின் அளவு ஏறத்தாழ 1.3 நாள். அதில் இருமடங்கைச் சேர்த்தால் ஏழரை நாளைத் தாண்டுகிறது. ஏழாம் நாள் முடித்தவர் தவறியவர் அல்லர். அவர் முன்கூட்டியே சொன்ன எல்லைக்குள்தான் இருந்தார். 1958ஆம் ஆண்டின் கணக்கு அவரைக் காப்பாற்றியிருக்கும்.

பெர்ட்டைப் புனிதப்படுத்தவும் நாங்கள் விரும்பவில்லை. போலாரிஸ் திட்டத்தை ஆராய்ந்து ஹார்வி சபோல்ஸ்கி 1972இல் எழுதிய நூல், அந்த முறை ஏவுகணையைக் கட்டியதைவிட, வெளியார் தலையீட்டிலிருந்து திட்டத்தைக் காத்த திரையாகவே அதிகம் பயன்பட்டது என்று வாதிடுகிறது. நாடாளுமன்றக் குழுவிலிருந்து வருபவரிடம் வண்ண வரைபடத்தைக் காட்டினால் அவர் திருப்தியோடு திரும்பிவிடுவார். ஆக, பிறந்த வீட்டிலேயே இந்தக் கருவிக்கு இரண்டு முகங்கள் இருந்தன. ஒன்று தெரியாததை ஒப்புக்கொள்ளும் முகம். மற்றது எல்லாம் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் முகம். பின்வந்த மென்பொருட்கள் இரண்டாவது முகத்தைத்தான் சுவீகரித்துக்கொண்டன.

மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் 1984இல் டாஸ் இயங்குதளத்துக்கு வந்தது. 1990இல் விண்டோஸுக்கு வந்தது. நெடுங்காலம் அதில் மூன்று எண்களையும் இடும் வசதி ஒரு ஓரத்தில் இருக்கத்தான் செய்தது. 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் அது எடுக்கப்பட்டுவிட்டது. பெரும்பாலோர் பயன்படுத்தாததை எடுத்தார்கள், அவ்வளவுதான் என்பார்கள். இருக்கலாம். ஆனால் பயன்படுத்தாதவர்கள் யார்? தெரியாது என்று சொல்லும் உரிமை தேவைப்பட்டவர் விசைப்பலகை முன்பு அமர்ந்திருக்கவில்லை. தேதி தேவைப்பட்டவர்தான் அமர்ந்திருந்தார்.

*

இனி ரிசோர்ஸ். அதே மென்பொருளில் ரிசோர்ஸ் மூன்று வகைப்படும்: வேலை, பொருள், செலவு. சிமென்ட் பொருள்வகை. விமானக் கட்டணம் செலவுவகை. மனிதரும் இயந்திரமும் முதல்வகையில் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். ஒருவருக்கு எதிரே 100% என்று இருந்தால் அவர் முழுமையாக இருக்கிறார் என்று பொருள். அவர்மேல் அதற்கும் கூடுதலாக வேலை ஏற்றப்பட்டால் பெயர் சிவப்பாக மாறும். வேலை என்பது கால அளவையும் ஆள் அலகையும் பெருக்கி வருவது என்ற சூத்திரம் அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு பணியை 'உழைப்பு சார்ந்தது' என்று குறித்துவிட்டு, ஒருவர் பத்து நாளில் செய்யவேண்டியதற்கு இன்னொருவரையும் சேர்த்தால், அது தானாகவே ஐந்து நாள் என்று திருத்திக்கொள்ளும்.

இது பொய் என்று அரைநூற்றாண்டுக்கு முன்பே நிறுவப்பட்டுவிட்டது. ஐபிஎம் நிறுவனத்தில் ஓஎஸ்/360 இயங்குதளத்தின் உருவாக்கத்துக்குத் தலைமை தாங்கிய ஃபிரெட் புரூக்ஸ், அந்த அனுபவத்திலிருந்து 1975இல் 'தி மிதிக்கல் மேன்-மன்த்' என்னும் நூலை எழுதினார். தாமதமாகிவிட்ட மென்பொருள் திட்டத்தில் புதிய ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்பது அவர் கண்ட விதி. வருபவருக்குப் பழையவர் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்த நேரம் வேலையிலிருந்து போகிறது. ஐந்து பேர் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள பத்து வழிகள். பத்துப் பேருக்கு 45 வழிகள். ஆளும் மாதமும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளக்கூடிய நாணயங்கள் அல்ல. இதைப் படிக்காத மேலாளர் இல்லை. படித்துவிட்டு வந்து அதே பெருக்கல் சூத்திரத்தில் எண்களை நிரப்பாதவரும் இல்லை.

தமிழில் இச்சொல் இன்னும் வினோதமாகிவிட்டது. ரிசோர்ஸை 'வளம்' என்றோம். மனிதவளத்துறை என்று பலகை மாட்டினோம். வளம் நல்ல சொல். மண்வளம், நீர்வளம், வாழ்வாங்கு வாழும் வளம். ஆங்கிலச் சொல்லில் உள்ள கணக்குப்புத்தக வாடைகூட இதில் இல்லை. அதனால்தான் அபாயம் கூடுதல். வளம் என்ற சொல்லுக்கு நம் வழக்கில் வினைகள் எவை? வளத்தைப் பயன்படுத்துவார்கள், பெருக்குவார்கள், சுரண்டுவார்கள், அது தீர்ந்துபோகும். வளத்திடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. வளம் பதில் சொல்வதுமில்லை. 'எங்களிடம் இரண்டு வளங்கள் காலியாக உள்ளன' என்று ஒருவர் தமிழில் சொல்லிப் பார்க்கட்டும். சொல்லும்போதே நாக்கு கூசும். ஆங்கிலத்தில் சொல்லும்போது கூசுவதில்லை. நம் தாய்மொழி நமக்குச் செய்யும் பேருதவிகளுள் இதுவும் ஒன்று என்று நினைக்கிறோம்.

*

டெட்லைன் என்னும் சொல்லின் பிறப்பைப் பலரும் அறிந்திருக்க மாட்டார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல், ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில் போர்க்கைதிகள் முகாமில் மதிலுக்கு உட்புறமாக ஒரு கோடு குறிக்கப்பட்டிருந்தது. கைதி அதைத் தாண்டினால் காவலர் சுடலாம். அந்தக் கோட்டுக்குத்தான் இந்தப் பெயர். முகாமின் தளபதி ஹென்றி விர்ஸ் 1865 நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். அவர் வழக்கிலும் இந்தக் கோடு பேசப்பட்டது. பின்னர் பத்திரிகை அலுவலகங்களுக்குள் நுழைந்து, செய்தி வந்துசேர வேண்டிய கடைசி நேரத்தைக் குறித்தது. இன்று அது நம் திரையில் ஒரு சிறிய அம்புக்குறி.

வேர்ச்சொல் ஆராய்ச்சியை வாதமாக வைப்பது மலிவான உத்தி என்பதை அறிவோம். சொல் தன் பிறப்பைக் கடந்து வாழும். தமிழில் நாம் 'கெடு' என்கிறோம். அதுவும் கடன் கொடுத்தவன் வைப்பது. நாம் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. டெட்லைனும் கெடுவும் ஒருவர் வைக்க, மற்றவர் அடங்குவது. எஸ்டிமேட் என்பது வேலை செய்பவர் தம் அறிவிலிருந்து சொல்வது. முன்னது ஆணை, பின்னது ஊகம். இரண்டும் திரையில் ஒரே பட்டையின் வலது முனையாகக் காட்சியளிக்கின்றன. வைத்தவர் யார், சொன்னவர் யார் என்பது அழிந்துபோகிறது. பட்டைக்குக் குரல் இல்லை. இலக்கியம் படிப்பவர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள் என்று நம்புகிறோம். யார் பேசுகிறார்கள் என்பதை மறைத்துவிடும் வாக்கியம் எப்போதும் அதிகாரத்துக்கே உதவுகிறது.

மைல்ஸ்டோனையும் இங்கேயே சேர்த்துவிடலாம். சாலையோரத்தில் நிற்கும் மைல்கல் வழிப்போக்கனுக்குத் தகவல் சொல்லும், அவனை விரட்டாது. மென்பொருளில் மைல்ஸ்டோன் என்பது கால அளவு பூஜ்யமாக உள்ள பணி. வைர வடிவில் ஒரு புள்ளி. அதைச் சென்றடைய மனிதர்கள் கண்விழித்த இரவுகளுக்கு அந்தப் புள்ளியில் அகலம் கிடையாது.

*

இதையெல்லாம் எதிர்த்து எழுந்த கலகம் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தின் பனிச்சறுக்கு விடுதியொன்றில் பதினேழு பேர் கூடி வெளியிட்ட அஜைல் அறிக்கை, செயல்முறைகளையும் கருவிகளையும்விட மனிதர்களையும் அவர்களது உறவாடலையும் மேலாக மதிப்பதாகச் சொன்னது. தெரியாததைத் தெரியாதென்று ஒப்புக்கொண்டு, சிறிது சிறிதாகச் செய்து, செய்ததைப் பார்த்துத் திட்டத்தைத் திருத்துவோம் என்றது. பெர்ட் தொலைத்த ஒப்புதலை வேறொரு வாசல் வழியாக மீட்க வந்த இயக்கம் என்று அதைச் சொல்லலாம்.

அந்த இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் நம்மிடமிருந்து ஒரு சொல்லையும் கடன் வாங்கினார்கள்: கதை. 1990களின் பிற்பகுதியில் கிரைஸ்லர் நிறுவனத்தின் ஊதியக் கணக்குத் திட்டத்தில் கென்ட் பெக்கும் அவருடைய தோழர்களும் தேவைகளைச் சிறு அட்டைகளில் எழுதி 'ஸ்டோரி' என்றார்கள். காரணம் அழகானது. பயன்படுத்துபவர் தம் தேவையைக் கதையாகச் சொல்ல வேண்டும். நிரலர் எதிரில் அமர்ந்து கேட்க வேண்டும். அட்டை அந்த உரையாடலை நினைவூட்டும் சீட்டு மட்டுமே. ரான் ஜெஃப்ரீஸ் 2001இல் இதை மூன்றாகப் பிரித்து எழுதினார்: அட்டை, உரையாடல், சரிபார்த்தல். இவற்றில் உயிர் நடுவில் இருக்கிறது.

பிறகு மென்பொருட்கள் வந்தன. 2002இல் ஜிரா வந்தது. ஜப்பானியத் திரைப்பட ராட்சதன் காட்ஸிலாவின் ஜப்பானியப் பெயரான கோஜிராவை வெட்டிச் சுருக்கிய பெயர் அது. அட்டை திரைக்குள் போயிற்று. உரையாடலைத் திரைக்குள் போட முடியவில்லை. ஆகவே அது வெளியே நின்றுவிட்டது. இப்போது ஒருவர் ஓரிடத்தில் 'கதை' எழுதுகிறார். பல்லாயிரம் மைலுக்கு அப்பால் சென்னையில் மற்றொருவர் இரவில் அதைத் திறந்து பார்க்கிறார். சொன்னவரும் கேட்டவரும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை. கதை என்று அதை அழைப்பதைப் போன்ற அநியாயம், பாட்டி கதை கேட்டு வளர்ந்த நமக்கு, வேறு உண்டா?

நாட்களைச் சொன்னால் அவற்றைத் தேதியாக மாற்றிவிடுகிறார்கள் என்பதால் அவர்கள் நாட்களைக் கைவிட்டு 'பாயின்ட்' என்ற அளவைக் கொண்டுவந்தார்கள். ஒரு வேலை மற்றொன்றைவிட எவ்வளவு பெரியது என்று ஒப்பிட்டுச் சொல்வதற்கு. மேலாளர்கள் சளைத்தவர்களா? ஒரு ஸ்பிரின்டில் எத்தனை பாயின்ட் என்று கூட்டி அதற்கு 'வெலாசிட்டி' என்று பெயரிட்டிருந்ததைக் கையிலெடுத்து, ஒரு குழுவோடு இன்னொரு குழுவை ஒப்பிட்டு, சென்ற முறையைவிட இம்முறை கூட்டிக்காட்டு என்றார்கள். பாயின்ட் மீண்டும் நாளாயிற்று. அதை ஒருவேளை தாமே கண்டுபிடித்திருக்கக்கூடும் என்றும், அப்படியானால் வருந்துவதாகவும் ஜெஃப்ரீஸ் 2019 வாக்கில் எழுதினார். தன் சொல் என்ன ஆனது என்று கண்டு வருந்தி எழுதிய அந்த மனிதர்மேல் எங்களுக்கு மரியாதை உண்டு.

வெலாசிட்டிக்கு நம் பள்ளி இயற்பியல் நூல்கள் தந்த சொல் 'திசைவேகம்'. எந்தத் திசையில் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது திசைவேகம். இல்லாவிட்டால் வெறும் வேகம். நாற்பது பாயின்ட் என்ற எண்ணில் திசை எங்கே இருக்கிறது? யாருக்கும் வேண்டாத வசதி ஒன்றை விரைந்து கட்டினாலும் அதே நாற்பதுதான். ஒன்பதாம் வகுப்பு மாணவன் தேர்வில் இப்படி எழுதினால் மதிப்பெண் குறைப்பார்கள்.

கன்பன் பலகைக்கு நேர்ந்ததும் இதே கதிதான். டொயோட்டா ஆலையில் டாய்ச்சி ஓனோ உருவாக்கிய அம்முறையில் அட்டை என்பது ஒரு கட்டுப்பாடு. பின்னால் உள்ளவர் கேட்டு அட்டை வந்தால்தான் முன்னால் உள்ளவர் உற்பத்தி செய்யலாம். கையில் இருக்கும் வேலைக்கு ஓர் உச்சவரம்பு; அதைத் தாண்டித் திணிக்கக் கூடாது. நம் திரைகளில் காணும் பலகைகளுள் பெரும்பாலானவற்றில் மூன்று நிரல்களும் வண்ண அட்டைகளும் இருக்கின்றன. உச்சவரம்பு மட்டும் இல்லை. தொழிலாளியின் முதுகில் ஏற்றக்கூடிய சுமைக்கு எல்லை வைத்த கருத்தை, சுமையை அழகாக அடுக்கிக்காட்டும் தட்டாக மாற்றிவிட்டோம்.

*

எதிர்வாதங்களைப் பார்ப்போம்.

வாடிக்கையாளருக்குத் தேதி வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். அவருக்கும் அவர் திட்டங்கள் உண்டு. தேதியே கூடாது என்பது சோம்பேறியின் கனவு. அந்தக் கட்சியில் நாங்கள் இல்லை. அணை கட்டுவதற்கும் மெட்ரோ ரயில் ஓட்டுவதற்கும் கிரிட்டிகல் பாத் இன்றி இயலாது. ஆனால் ஸ்டீவ் மெக்கனல் 2006இல் மென்பொருள் மதிப்பீடு குறித்து எழுதிய நூலில் மூன்றைத் தெளிவாகப் பிரித்துவைத்தார். எஸ்டிமேட் என்பது எவ்வளவு காலமாகும் என்ற கணிப்பு. இலக்கு என்பது எப்போது வேண்டும் என்ற விருப்பம். கமிட்மென்ட் என்பது இன்ன தேதியில் தருகிறேன் என்ற வாக்கு. கணிப்பு வேலை செய்பவருடையது. விருப்பம் வேலை தருபவருடையது. இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பேசி, எதைக் குறைப்பது எதைத் தள்ளிப்போடுவது என்று முடிவு செய்தபிறகு பிறப்பது வாக்கு. அந்தப் பேச்சு நிகழாமலேயே கணிப்பை வாக்காக்கிவிடும் வசதியைத்தான் ஒற்றை எண் கட்டம் தருகிறது.

சொல்லை மாற்றினால் நிலைமை மாறிவிடுமா என்று கேட்பார்கள். ஸ்கிரம் முறையின் நிறுவனர்களான கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லண்டும் மாறும் என்றே நினைத்தார்கள். ஒரு ஸ்பிரின்டில் எடுத்துக்கொள்ளும் வேலையைக் குறிக்க வாக்கு என்னும் பொருளில் நின்ற சொல்லை நீக்கிவிட்டு, 2011ஆம் ஆண்டு வழிகாட்டியில் முன்கணிப்பு என்னும் பொருள்தரும் சொல்லை வைத்தார்கள். 2020இல் வாக்கு என்னும் சொல் திரும்பி வந்தபோதும், அதை இலக்கோடு கட்டினார்கள். வேலைகளின் பட்டியலோடு கட்டவில்லை. அலுவலகப் பேச்சில் இந்த மாற்றங்கள் எத்தனை தூரம் இறங்கின என்பது வேறு கதை. ஆனால் கருவியைச் செய்தவர்களே ஒற்றைச் சொல்லுக்காகத் தம் நூலைத் திருத்தியிருக்கும்போது, 'சொல்லில் என்ன இருக்கிறது' என்று இலக்கியம் படித்த நாம் சொல்வது வெட்கக்கேடு.

மூன்றாவது வாதம், இதெல்லாம் மேலாளர்களின் குணக்கேடு, மென்பொருளைக் குறைசொல்லிப் பயனில்லை என்பது. நாம் சொன்ன நிகழ்வையே திரும்பப் பார்க்கும்படி வேண்டுகிறோம். அங்கே குணக்கேடு உள்ளவர் எவருமில்லை. மேலாளருக்கும் மேலே ஒருவர் இருந்தார். அவருக்கும் ஓர் அறிக்கை தேவைப்பட்டது. நான்கு என்ற எண் ஒவ்வொரு படியாக மேலே ஏறியபோது கெட்டியாகிக்கொண்டே போயிற்று. ஏழு என்ற எண் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கியபோது குற்றமாகிக்கொண்டே வந்தது. மனிதர்களின் ஐயத்தை வடிகட்டி எண்ணை மட்டும் மேலே அனுப்பும் குழாய் ஒன்று நடுவில் இருந்தது. அந்தக் குழாயைப் பற்றித்தான் பேசுகிறோம்.

அந்தப் பெண் அந்த ஆண்டு ஊதிய உயர்வை இழந்தார். அதைவிடப் பெரிய இழப்பு பிறகு நேர்ந்தது. அடுத்தமுறை நான்கு நாள் வேலைக்கு அவர் பத்து நாள் என்றார். மேலாளரும் அனுபவசாலி, பத்தைப் பாதியாக்கி ஐந்து என்று இட்டார். அதை அறிந்து அவர் அதற்கடுத்த முறை பதினைந்து என்றார். இருவரும் ஒருவரையொருவர் நன்கு புரிந்துகொண்டு, சிரித்த முகத்தோடு, வாரந்தோறும் பொய் பரிமாறிக்கொண்டார்கள். திரையில் எல்லாப் பட்டைகளும் பச்சையாக இருந்தன. 'திறந்து பார்த்தாத்தான் தெரியும்' என்று மட்டும் அவர் பிறகு ஒருபோதும் சொல்லவில்லை. தம் தொழிலைப் பற்றி அவர் சொன்ன உண்மையான வாக்கியம் அது ஒன்றுதான். அதைச் சொல்லக்கூடாது என்று அந்தக் கட்டம் அவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் எளியவை. எத்தனை நாள் என்று கேட்டால் ஒற்றை எண்ணைக் கொடுக்க மறுப்போம். குறைந்தது இவ்வளவு, பெரும்பாலும் இவ்வளவு, மிஞ்சினால் இவ்வளவு என்று சொல்லி, அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்வோம். கட்டம் இடம் தராவிட்டால் குறிப்புப் பகுதியில் எழுதுவோம். உத்தேசம், விருப்பம், வாக்கு என்று நம்மிடம் மூன்று தெளிவான தமிழ்ச் சொற்கள் இருக்கின்றன. ஒன்றிருக்கும் இடத்தில் மற்றொன்று வந்தால், 'ஆறு' இருந்த இடத்தில் 'நதி' வந்ததற்குப் போட்ட சண்டையை இங்கேயும் போடுவோம். மனிதரை ஆள் என்போம், பெயர் சொல்வோம். வளம் மண்ணிலும் நீரிலும் இருக்கட்டும். தமிழில் இந்த மென்பொருட்களை மொழிபெயர்க்க முன்வரும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எஸ்டிமேட் என்ற இடத்தில் 'மதிப்பீடு' என்று போடாதீர்கள். அது ஆளை எடைபோடும் ஆண்டிறுதித் தாளுக்கும் பெயராக இருக்கிறது. இரண்டும் ஒரே சொல்லானால் மேலே சொன்ன கொடுமைக்கு நம் மொழியே முத்திரை குத்தியதாகிவிடும். 'உத்தேசம்' என்று போடுங்கள். துணிவிருந்தால் 'குத்துமதிப்பு' என்றே போடுங்கள். மேஸ்திரிகள் தலைமுறை தலைமுறையாக அதை வைத்துத்தான் வீடு கட்டியிருக்கிறார்கள். கேட்டவர்களும் அதைக் குத்துமதிப்பு என்று அறிந்தே கேட்டுக்கொண்டார்கள்.